கதவைச் சாத்திய ரோசரி அக்கா

ரோசரி அக்கா தம் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பிடித்து அமுக்கியதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றாலே பிடித்து அமுக்குவதுதான். கட்டியைக் கீற வேண்டுமா, தோளைப் பிடி. பல்லைப் பிடுங்க வேண்டுமா, தலையைப் பிடி. நீர் அடைத்துக்கொண்டு வந்தவர்களுக்குக் குழாய் போட வேண்டுமா, கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். குழாய் போட்டு மூத்திரப்பையைக் காலி செய்வது பழகிய கைக்குச் சின்ன வேலை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மனுஷியை, இனிச் செத்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்ல வைத்துவிடலாம். எத்தனையோ பேரைச் சொல்ல வைத்தார்கள்.

இதையெல்லாம் ஒரு பெண் எழுதலாமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். தலைவலியைப் பற்றி எழுதலாம், காய்ச்சலைப் பற்றி எழுதலாம், இதை எழுதக் கூடாதாம். மாரியாத்தா கொடுத்த உடம்பில் பேசத்தகாத இடம் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டே செத்துப்போன இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். நான் மூன்றாவது ஆளாக ஆகியிருக்க வேண்டியவள். ஆகவில்லை. அதற்குக் காரணம் ரோசரி அக்கா. அதனால் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது அம்பாங் பெச்சாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். புக்கிட் ரோத்தானிலிருந்து ஈஜோக் போகும் தார்ச் சடக்கில் பிரிந்து, செம்மண் பாதையில் ஐந்து மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். பத்தொன்பது வயதில் அவருக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் நீர் பிரியவில்லை. மருந்து கொடுக்கிற டிரசர் அப்போது வேறொருவர். அவர் குழாய் போட்டார்.

“நாலு பேரு பிடிச்சாங்க புள்ள. ஒருத்தராவது என் பேரைக் கேக்கல” என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். அழவில்லை. துணி அலசிக்கொண்டே சொன்னார்.

அதே ஆஸ்பத்திரியில்தான் பிறகு ஆயா வேலைக்குச் சேர்ந்தார். கூட்டுவது, துடைப்பது, ஊசியும் குழாயும் கொதிக்க வைப்பது, ரத்தத் துணி துவைப்பது. ஜப்பான்காரன் காலத்தில் புருஷனைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள்; அவர் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க ஒரு நர்ஸ் அம்மா தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தார். எட்டு மாதம் அந்த அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோசரி அக்கா கூடவே நடந்தார். பெண்களுக்கு எப்படிக் குழாய் போடுவது என்று அந்த அம்மா கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு அந்த அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. ரோசரி அக்காவிடம் கை மட்டும் இருந்தது, காகிதம் இல்லை. காகிதம் இல்லாத கையைத் தோட்டத்தில் யார் மதிப்பார்கள்?

நான் சொல்லப்போவது ஐம்பத்தொன்றாம் வருடம் நடந்தது. அவசரகாலம். சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் வாசலில் சோதனை போட்டுத்தான் வேலைக்கு விடுவார்கள். மதியச் சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவோமாம். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து காணாமல் போனதாகப் பேச்சு வந்ததும் எங்கள் துரை ஒரு புதுச் சட்டம் போட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரி எந்நேரமும் காவல்காரன் கண்ணில் பட வேண்டும். அறைக் கதவைச் சாத்தக் கூடாது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இருந்ததே ஒரே அறை. கதவுக்கு நேரே கட்டில். கட்டிலுக்குப் பின்னால் அலமாரி. அலமாரியைப் பார்க்கிற கண் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பலகை பெஞ்சி. மருந்துக்கு வந்தவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள்? கதவைத்தான் பார்ப்பார்கள்.

கதவருகே துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த எஸ்.சி.க்காரன் பெயர் வீரன். தோட்டக் காவலுக்கென்று எடுத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த வீரன் என் புருஷன் காளியண்ணனுக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன். தினமும் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவன்.

இந்த நிலையில்தான் எனக்குப் பிள்ளை பிறந்தது. முதல் பிள்ளை, பெண். இரண்டு நாள் வலிக்குப் பிறகு விடியற்காலையில் பிறந்தாள். லயத்தில் எல்லாருக்கும் பிள்ளை எடுக்கிற வள்ளியம்மா அத்தைதான் எடுத்தார். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். வயிறு பெருத்துவிடும், பச்சை உடம்பு ஊதிவிடும் என்பார்கள். நாக்கை நனைக்க ஒரு மடக்கு சுக்குத் தண்ணீர், அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு நீர் பிரியவில்லை.

“அத்தே, இன்னும் ஒண்ணுக்கே வரலியே.”

“தண்ணியே குடுக்கல, எங்க இருந்துடி வரும்? கிணத்துல இருந்தா வரும்? பேசாமப் படு” என்றார் வள்ளியம்மா அத்தை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். மறுநாள் காலையில் என் அடிவயிறு மறுபடியும் பிள்ளை உண்டானது போல உருண்டு நின்றது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. அத்தை கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆத்தாடி!” என்று எழுந்து ஓடினார்.

கோலசிலாங்கூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டார் என் புருஷன். முதல்நாள்தான் ஈஜோக் சடக்கில் ஒரு வண்டியைச் சுட்டிருந்தார்கள். பாதையை மூடிவிட்டார்கள், நாளைக்குள் திறக்க வழியில்லை என்றார் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி. ஆக, எனக்கு இருந்தது தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுதான். அன்றைக்குள் குழாய் போய் நீர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பை வெடித்துச் செத்துவிடுவேன். இதை டிரசரே என் புருஷனிடம் சொன்னார்.

டிரசர் பெயர் அம்புரோஸ். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர். போன மாதம்தான் ஒரு மருந்து பாட்டில் குறைகிறது என்று, அதிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க அத்தனை பேரும் வரிசையாக நிற்கும்போது, துரை அவரை நாயைத் திட்டுவது போலத் திட்டியிருந்தார். அதிலிருந்து அவர் கை எதையெடுத்தாலும் ஆடும்.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. வீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவனுடைய பூட்ஸ் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவன் பூட்ஸ் தெரிந்தால் அவனுக்கு நான் தெரியமாட்டேனா? பெஞ்சியில் ஏழெட்டுப் பேர். டிரசர் தட்டிலிருந்து பளபளவென்று ஓர் இரும்புக் குழாயை எடுத்தார். அதைப் பார்த்ததும் என் தொடை இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன.

“காலை விரி. சீக்கிரம்” என்றார்.

விரிக்க நினைத்தேன். கால் கேட்கவில்லை. அவர் விட்டுப் பார்த்தார். நான் கத்தினேன். மறுபடியும் விட்டார். குழாயின் நுனியில் ரத்தம்தான் வந்தது.

“இப்படி இறுக்கிக்கிட்டா நான் என்னம்மா செய்யறது? ரோசரி, ரெண்டு ஆளைக் கூப்பிடு. காலைப் பிடிக்கச் சொல்லு.”

ரோசரி அக்கா தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அசையவில்லை.

“ஆளு வேணாம் டிரசரய்யா. கதவைச் சாத்துனாப் போதும்.”

“சட்டம் தெரியாதா ஒனக்கு?”

“தெரியும். இந்தப் புள்ளையோட உடம்புக்குச் சட்டம் தெரியலியே. கொழுந்தன்காரன் வாசல்ல உக்காந்திருக்கான். எப்படிய்யா தொறக்கும்?”

“அலமாரி கண்ணுக்குத் தெரியணும் ரோசரி. துரை வந்து பாத்தாருன்னா என் வேலை போயிடும். எனக்கு ஆறு புள்ளைங்க.”

“அலமாரி தெரியணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“இவ தெரியணும்னு சட்டத்துல இல்லியே?”

ரோசரி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். தேக்கு அலமாரி. ஆள் உயரம். உள்ளே பாட்டில்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடின. ஒரு சாண் நகர்ந்தது.

“ஏய் ரோசரி! என்ன செய்யறே?”

“ஒங்க சட்டத்தைக் காப்பாத்துறேன்யா.”

இன்னொரு சாண். வெளியே பெஞ்சியிலிருந்து வள்ளியம்மா அத்தை எட்டிப் பார்த்தார். என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே வந்து தாமும் தோளைக் கொடுத்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி மலேரியாக் காய்ச்சலோடு வந்தவள்; அவளும் ஒரு கை போட்டாள். நாலு பேருமாக அந்த அலமாரியைக் கட்டிலைச் சுற்றி இழுத்து, வாசற்படியில் தூக்கி இறக்கி, தாழ்வாரத்தில் வீரனின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

வீரன் எழுந்து நின்றுவிட்டான். “அக்கா, இது என்னாக்கா?”

“ஒன் வேலையை லேசாக்கித் தர்றேன் லா. இந்தா, கண்ணு நெறையப் பாத்துக்க. ஒரு பாட்டில் கொறைஞ்சாலும் என்னைக் கேளு.”

பெஞ்சியே சிரித்தது. வீரனும் சிரித்துவிட்டான். பிறகு சுவர்ப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அலமாரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும், பாவம்.

டிரசர் வாசலில் நின்றார். அவரைப் பார்த்து ரோசரி அக்கா மெதுவாகச் சொன்னார்: “நீங்களும் வெளிய இருங்கய்யா. நான் பாத்துக்கறேன்.”

“நீயா? ஒனக்கு அனுமதி இல்ல.”

“இல்லதான். நீங்க ரெண்டு தடவ பாத்துட்டீங்க. மூணாவது தடவை ரத்தம் எம்புட்டு வரும்னு எனக்குத் தெரியல, ஒங்களுக்கும் தெரியல. அனுமதி யாருகிட்ட கேக்கணுமோ நான் அவகிட்டக் கேக்குறேன்.” என் பக்கம் திரும்பினார். “சின்னத்தாயி, நான் செய்யட்டா?”

என் பேரைச் சொல்லிக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். டிரசர் வெளியே போனார். அக்கா கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்திலேயே என் உடம்பில் பாதி பாரம் இறங்கியது. நான் சொல்வதை நம்புங்கள், குழாய் இன்னும் தட்டில்தான் இருந்தது.

அதற்கப்புறம் அவர் அவசரமே படவில்லை. என் மேல் ஒரு கைலியைப் போர்த்தி, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடினார். பானையிலிருந்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, என் அடிவயிற்றில் போட்டார். அது ஆறியதும் இன்னொன்று. கை கழுவினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவும்போது முணுமுணுத்தது ஜெபம். நான் என் பங்குக்கு ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் கூப்பிட்டதும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கொதித்த தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்துக் காட்டினார். அதேபோல இன்னொரு பழைய குழாய்த் துண்டை என் கையில் கொடுத்தார்.

“பிடிச்சுப் பாரு. எவ்வளவு தடிப்பா இருக்கு?”

“என் சுண்டு விரல்ல பாதிகூட இல்லக்கா.”

“மடங்குதா?”

“மடங்குது.”

“குத்துமா?”

“குத்தாது.”

“நீ பெத்த பொண்ணு தலை எம்புட்டு இருந்துச்சு? அதையே அனுப்பிச்சவ நீ. இது எந்த மூலைக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. “சிரிக்க வைக்காதக்கா, வெடிச்சிரும்.”

“வெடிக்காது. கேளு. நான் எது செய்யறதா இருந்தாலும் முன்னாடியே சொல்லிட்டுத்தான் செய்வேன். நீ ‘போதும்’னு சொன்னா அந்த இடத்துலயே நிறுத்திடுவேன். எத்தனை தடவ வேணும்னாலும் சொல்லு. கோவிக்கமாட்டேன்.”

அந்த வார்த்தையை எனக்கு அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்குப் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை எங்கே இருந்தது?

“இப்ப தண்ணி ஊத்திக் கழுவுறேன். வெதுவெதுன்னு இருக்கும்” என்றார். ஊற்றினார். வெதுவெதுப்பாக இருந்தது. “இப்ப என் விரல் படும்.” பட்டது. எனக்குத் தொடை இறுகியது.

“போதும்!”

கை உடனே விலகியது. கோபமில்லை, பெருமூச்சுகூட இல்லை. துணியை மறுபடியும் நனைத்து வயிற்றில் போட்டார். “ஒம் பொண்ணுக்கு என்ன பேரு வைக்கப்போறே?” என்றார். நான் சொன்னேன். மாமியார் வேறு பேர் சொல்கிறார் என்பதையும் சொன்னேன். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். அப்படியே தொடை தளர்ந்துவிட்டது, எனக்கே தெரியவில்லை.

“ஈர வெறகுல அடுப்பு ஊதியிருக்கியா?”

“தெனமும் அதானே.”

“நீளமா ஊதுவேல்ல? இப்ப அப்படி ஊது. நெருப்பு பத்துற வரைக்கும். நீ ஊதும்போதுதான் நான் குழாயை விடுவேன். ஊதாட்டி விடமாட்டேன். ஒங்கையிலதான் இருக்கு.”

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வீட்டுப் புகை அடுப்பை நினைத்துக்கொண்டு ஊதினேன். சில்லென்று ஏதோ பட்டது. கொஞ்சம் எரிந்தது. “இன்னும் ஒரு ஊது. அவ்வளவுதான். வந்திருச்சு” என்றார்.

பேசினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கோயில் மணிச் சத்தத்தைவிட எனக்கு அது பெரிய சத்தமாக இருந்தது. எழுதக் கூடாது என்பவர்கள் இந்த வரியை விட்டுவிட்டுப் படிக்கட்டும். அக்கா குழாயை விரலால் அமுக்கி நிறுத்தி, கொஞ்சம் விட்டு, மறுபடியும் நிறுத்தி, மெல்ல மெல்ல இறக்கினார். ஒரேயடியாக இறக்கினால் மயக்கம் வரும் என்றார். ஒரு பேசின் நிறைந்து இன்னொன்றும் பாதி ஆயிற்று. கைலிக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். வெளியே பெஞ்சியிலிருந்து வள்ளியம்மா அத்தையின் குரல் கேட்டது:

“தண்ணியே குடுக்கலியே, எங்க இருந்துடி வந்துச்சு அம்புட்டும்?”

அன்று மதியமே துரை ஜீப்பில் வந்தார். தாழ்வாரத்தில் நின்ற அலமாரியைப் பார்த்தார். எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். மரியாதை மட்டும் தெரியாது.

“எவன் இதை வெளியே போட்டது?”

டிரசர் வாயைத் திறப்பதற்குள் ரோசரி அக்கா முன்னால் வந்தார். “நான்தான் துரை.”

“உனக்கு வேலை வேணாமா?”

“வேலை வேணும் துரை. கதவும் வேணும்.”

துரையின் முகம் சிவந்தது. அலமாரியை உள்ளே போடச் சொன்னார். நாளையிலிருந்து ஆயா வேலை கிடையாது, புல்வெட்டுக்குப் போ என்றார். ரோசரி அக்கா சரி என்றார். கெஞ்சவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லி டிரசர் கண்ணைக் காட்டினார். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் புல்வெட்டுக் கும்பலோடு கத்தியை எடுத்துக்கொண்டு நின்றார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அன்று காலையிலும் எனக்குத் தானாக நீர் பிரியவில்லை. நீண்ட நேரம் அடைத்த பை, இரண்டு மூன்று நாள் அப்படித்தான் சோம்பிக் கிடக்கும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். மறுபடியும் அதே கட்டில், அதே திறந்த கதவு. அலமாரி கட்டிலுக்குப் பின்னால் பழைய இடத்தில். டிரசர் தட்டை எடுத்தார்.

நான் கட்டிலில் ஏறவில்லை. பெஞ்சியில் போய் உட்கார்ந்தேன்.

“ரோசரி அக்கா வரணும். கதவைச் சாத்தணும்” என்றேன். அதுவரை நான் எந்த ஆம்பிளை முன்னாலும் குரலை உயர்த்திப் பேசியவள் இல்லை.

“ஏம்மா அடம் பிடிக்கிறே? செத்துப்போயிடுவே.”

“சாகுறேன்யா. கதவைச் சாத்திட்டுச் சாகுறேன்.”

வள்ளியம்மா அத்தை மருந்து வாங்கிப்போகக் கொண்டுவந்த காலிப் பாட்டிலை டிரசரின் மேசையில் டக்கென்று வைத்தார். “எனக்கும் மருந்து வேணாம். அவ வரட்டும்.” இன்னொருத்தி பாட்டிலை வைத்தாள். மூன்றாவது, நான்காவது. மேசையில் காலிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. வாசலில் என் புருஷன் தலையைக் குனிந்து நின்றவர், நிமிர்ந்து, “அய்யா, நீங்களும் பொண்ணு பெத்தவருதானே” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

அம்புரோஸ் டிரசர் அந்தப் பாட்டில்களைப் பார்த்தார். பிறகு தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“வீரா, துப்பாக்கியைச் சாத்தி வை. இந்தப் பக்கம் பிடி.”

அவர் ஒரு முனை, வீரன் ஒரு முனை. அலமாரி மறுபடியும் தாழ்வாரத்துக்கு வந்தது. என் புருஷன் புல்வெட்டுக் காட்டுக்கு ஓடினார்.

ரோசரி அக்கா கால் முழுக்கச் சேற்றோடு வந்தார். காலைக் கழுவி, கையைக் கழுவி, கதவைச் சாத்தினார். “இன்னிக்குக் குழாய் கடைசிதான். மொதல்ல நாம ரெண்டு பேரும் சும்மா முயற்சி பண்ணுவோம்” என்றார். பேசின் மேல் என்னை உட்கார வைத்து, செம்பிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு செம்பு, இரண்டு செம்பு. வரவில்லை. “அவசரமில்ல. எனக்கு அங்க புல்லுதான் காத்துக்கிட்டு இருக்கு, அது எங்கயும் ஓடாது” என்றார். ஐந்தாவது செம்பிலோ ஆறாவது செம்பிலோ எனக்குத் தானாகவே வந்தது. குழாய் தேவைப்படவே இல்லை.

அக்காவுக்கு ஆயா வேலை திரும்பக் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. ஆள் பேரெழுதும் செக்ரோலில் புல்வெட்டு என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் பெண்களுக்கு ஏதாவது என்றால் டிரசரே ஆள் அனுப்பிக் காட்டிலிருந்து கூப்பிட்டுக்கொள்வார். அலமாரி வெளியே வரும், கதவைச் சாத்துவார்கள். ஆம்பிளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். கிழவர்களுக்கு நீர் அடைத்தால் டிரசரே குழாய் போட வேண்டியிருந்தது. அவரும் கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பர் குழாயைக் கையில் கொடுத்து, பிடிச்சுப் பாரு என்று சொல்லக் கற்றுக்கொண்டார். சாத்திய அறைக்குள் அவருடைய கை ஆடவில்லை என்று சொல்வார்கள்.

ரோசரி அக்கா அறுபத்தெட்டாம் வருடம் தூக்கத்திலேயே காலமானார். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏன் வந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அவரை சவப்பெட்டிக்குள் நினைத்துப் பார்க்கப் பிடிப்பதில்லை. வேறொரு நாள் இருக்கிறது.

அது அவர் இன்னும் புல்வெட்டில் இருந்தபோதே நடந்தது. மூன்றாம் லயத்துக் கங்காவுக்குப் பிள்ளை பிறந்து நீர் அடைத்துக்கொண்டது. துணைக்கு நானும் உள்ளே போயிருந்தேன். அவள் என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஜீப் வந்து நின்றது. தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம். வீரன் விறைத்து நிற்கும் சத்தம். பிறகு பிரம்பால் கதவை மூன்று தட்டு.

“யார் உள்ளே? கதவைத் திற!”

கங்காவுக்கு உடம்பெல்லாம் கட்டையாகிவிட்டது. ரோசரி அக்கா பிடித்திருந்த ஈரத் துணியை எடுக்கக்கூட இல்லை. கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“உள்ள ஒரு பொம்பள படுத்திருக்கு துரை. அலமாரி ஒங்க முன்னாலதான் இருக்கு. முடிஞ்சதும் தொறக்கறேன். அதுவரைக்கும் நில்லுங்க.”

இனிக் கதவை உடைப்பார்கள் என்று நான் நினைத்தேன். கங்கா நடுங்கிக்கொண்டே கேட்டாள், “துரையாக்கா? துரையையா நிக்கச் சொன்னீங்க?”

“ஆமா. பெஞ்சி இருக்கு, கால் வலிச்சா உக்காரட்டும். நீ என்னைப் பாரு கங்கா. அவசரமே இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து வெளியே பலகை பெஞ்சி கிறீச்சென்றது.